ரிப்போர்ட்டில் மலக் கோலிஃபார்ம் 920: வெளியேற்றலாம், குளிக்கலாமா?

கேள்வி இதுதான். ஒரு குடியிருப்பு வளாகத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து (எஸ்.டி.பி.) வெளியேறும் நீரைப் பரிசோதித்த லேப், மலக் கோலிஃபார்ம் (நீரில் மலம் கலந்ததற்கு அடையாளமாகப் பார்க்கும் பாக்டீரியா) 100 மி.லி.க்கு 920 என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறது. வரம்பு 1000. அப்படியானால் அந்த நீர் போய்ச் சேரும் ஓடையில் பிள்ளைகள் குளிக்கலாமா? குளிக்கும் நீருக்கு நம் நாட்டில் 500 என்றும் 2500 என்றும் இரண்டு எண்கள் இருக்கின்றன, அமெரிக்காவில் 126 என்கிறார்கள். இதில் எதை எடுத்துக்கொள்வது?

அந்த 920-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, வெளியேறும் நீர் விதிக்கு உட்பட்டது என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. ஓடையில் குளிக்கலாம் என்று சொல்லவே முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம். எஸ்.டி.பி.க்கான வரம்பை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபர் 13 அறிவிக்கையில் வகுத்தது. பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) பெருநகரங்களில் 20, மற்ற இடங்களில் 30 மி.கி./லி.; மலக் கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 1000-க்குக் கீழ். இதற்கு முன் 2015-இல் வந்த வரைவில் இந்த எண் 100 ஆக இருந்தது. இறுதி அறிவிக்கையில் பத்து மடங்கு தளர்த்தினார்கள். 2019 ஏப்ரல் 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மீண்டும் இறுக்கி, பெருநகரங்களுக்கு நிபுணர் குழு பரிந்துரைத்த பி.ஓ.டி. 10, மலக் கோலிஃபார்ம் 230 என்ற அளவுகளை நாடு முழுவதற்கும் ஏற்றது. எனவே உங்கள் நிலையத்துக்கு எந்த எண் என்பதை இணையத்தில் தேடாமல், மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையைப் பிரித்துப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

குளியல் நீருக்கு வேறு அறிவிக்கை, 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. மலக் கோலிஃபார்ம் விரும்பத்தக்க அளவு 500, அதிகபட்சம் 2500. மல ஸ்ட்ரெப்டோகாக்கை (மலத்தில் இருக்கும் இன்னொரு பாக்டீரியா வகை) 100, அதிகபட்சம் 500. கூடவே பிஎச் 6.5 முதல் 8.5, கரைந்த ஆக்சிஜன் 5 மி.கி./லி. அல்லது அதற்கு மேல், பி.ஓ.டி. 3 அல்லது அதற்குக் கீழ். இரண்டு எண்கள் ஏன் என்றால், பருவத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப அளவு ஏறி இறங்கும் என்பதற்காகக் கொடுத்த இடம் அது. 500-தான் இலக்கு, 2500-ஐ அன்றாட அனுமதியாக எடுத்துக்கொள்வது அறிவிக்கையைத் தலைகீழாக வாசிப்பது. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 'பி' வகுப்பு (வெளிப்புறக் குளியல்) அட்டவணையிலும் 500 இருக்கிறது. ஆனால் அது மொத்தக் கோலிஃபார்ம். மலக் கோலிஃபார்ம் அதில் ஒரு பகுதிதான். இரண்டு 500-ஐயும் ஒன்றாக்கிப் பேசுவது அடிக்கடி நடக்கும் தவறு. கடலோரக் குளியல் நீருக்கான எஸ்.டபிள்யூ.-2 வகுப்பில் மலக் கோலிஃபார்ம் வரம்பு 100 மட்டுமே.

வெளியேற்ற வரம்பு குழாயின் வாயில் அளப்பது. சுத்திகரிப்பு வேலை ஒழுங்காக நடந்ததா என்று அது கேட்கிறது. குளியல் வரம்பு மனிதன் முழுகி எழும் இடத்தில் அளப்பது. அந்த நீர் வாய்க்குள் போனால் எத்தனை பேருக்கு நோய் வரும் என்று அது கேட்கிறது. இரண்டு எண்களும் ஒரே அலகில் இருப்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நோய்க்கும் எண்ணுக்கும் உள்ள தொடர்பு எப்படி வந்தது என்பது தெரிந்தால் 126 புரியும். 1940-களின் முடிவில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மிச்சிகன் ஏரியிலும் ஒஹாயோ ஆற்றிலும் குளித்தவர்களை ஆராய்ந்தபோது, மொத்தக் கோலிஃபார்ம் சுமார் 2,300-ஐத் தாண்டிய நீரில் நோய் கூடுவது தெரிந்தது. அதில் ஏறத்தாழ 18 சதவீதம் மலக் கோலிஃபார்ம் என்று கணக்கிட்டு 400 என்றார்கள். பாதுகாப்புக்காகப் பாதியாக்கி 1968-இல் 200 என்று பரிந்துரைத்தார்கள். உலகின் பல நாட்டு விதிகளில் இன்றும் தென்படும் 200-க்கு மூலம் இந்தக் கணக்குதான், அடித்தளம் வலுவானதல்ல. பிறகு நியூயார்க், பாஸ்டன் கடற்கரைகளிலும் ஈரி ஏரியிலும் நடந்த ஆய்வுகளில், வயிற்று நோயோடு மலக் கோலிஃபார்முக்கு நல்ல தொடர்பே தெரியவில்லை. நன்னீரில் ஈ.கோலியும் (மலக் கோலிஃபார்மில் ஓர் இனம்) என்ட்ரோகாக்கையும் (குடலில் வாழும் வேறொரு பாக்டீரியா), கடல்நீரில் என்ட்ரோகாக்கையும்தான் நோயோடு சேர்ந்து ஏறின. அதனால் 1986-இல் ஈ.கோலி 126, கடலில் என்ட்ரோகாக்கை 35 என்று மாற்றினார்கள். 2012-இல் அதே எண்களை வைத்துக்கொண்டு, ஆயிரம் பேர் குளித்தால் 36 பேருக்கு வயிற்று நோய் என்ற அளவோடு இணைத்தார்கள். ஆகவே 126 என்பது ஆபத்தே இல்லாத நிலை அல்ல. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட ஆபத்தின் அளவு.

வெப்ப நாடுகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். மலக் கோலிஃபார்ம் பரிசோதனை என்பது 44.5 டிகிரியில் வளரும் கோலிஃபார்மைப் பிடிப்பது. அந்தச் சூட்டில் கிளெப்சியெல்லா போன்ற, மலத்திலிருந்து வராத சில இனங்களும் வளரும். ஹவாயிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் ஈரமான மண்ணிலேயே ஈ.கோலி வாழ்வதைக் கண்டிருக்கிறார்கள். எனவே மழைக்குப் பின் கலங்கிய நீரில் எண் கூடினால் எல்லாமே மனிதக் கழிவு என்று சொல்லிவிட முடியாது. அதற்காக எண்ணைத் தள்ளிவிடவும் கூடாது. கரையோரம் நடந்து குழாய், வாய்க்கால், திறந்த வெளிக் கழிப்பிடம் என மூலத்தைத் தேட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 வழிகாட்டு ஆணை மலக் கோலிஃபார்மை விட்டுவிட்டு ஈ.கோலி, குடல் என்ட்ரோகாக்கை இரண்டையும் மட்டும் வைத்தது. சென்னைக்குத் தெற்கே 2021-இல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற கோவளம் கடற்கரைக்கும் அந்தச் சான்றுக்குரிய அளவுகள் இந்த இரண்டில்தான்: ஈ.கோலி 250, என்ட்ரோகாக்கை 100, நூறில் 95 மாதிரிகள் அதற்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கில். உங்கள் ஓடைக்கு லேபில் பணம் கட்டுவதாக இருந்தால் ஈ.கோலியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த 920. நம் லேப்கள் பெரும்பாலும் எம்.பி.என். முறையில், அதாவது கிருமியை நேரடியாக எண்ணாமல் மிகச் சாத்தியமான எண்ணிக்கையை மதிப்பிடும் முறையில், பார்க்கின்றன. 10, 1, 0.1 மி.லி. என்று மூன்று அளவுகளில் ஐந்தைந்து குழாய், ஆக 15 குழாய். எத்தனை குழாயில் வாயு வந்தது என்பதை அட்டவணையில் பொருத்தினால் வருவதே எண். 5-5-2 (முதல் இரண்டு அளவுகளில் ஐந்து குழாயிலும், மூன்றாவதில் இரண்டில் மட்டும் வாயு) என்றால் 540. 5-5-3 என்றால் 920. 5-5-4 என்றால் 1600. இடையில் 1000 என்றோ 1100 என்றோ எதுவும் வர இந்த வரிசையில் வழியில்லை. கடைசி வரிசையில் இன்னும் ஒரு குழாய் வாயு காட்டியிருந்தால் உங்கள் நிலையம் தோற்றிருக்கும். 95 சதவீத நம்பக எல்லையை எடுத்தால், 920-இன் உண்மை மதிப்பு கீழே 300-க்கு அருகிலும் இருக்கலாம், மேலே 2,500-ஐத் தாண்டியும் இருக்கலாம். ஆகவே ஒரே மாதிரியில் 920 வந்தால் அது தேர்ச்சியும் அல்ல, தோல்வியும் அல்ல. இன்னும் மூன்று நான்கு மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லும் எண்.

ரிப்போர்ட்டில் மாதாமாதம் "1600" என்றே வந்தால் அது வேறு சிக்கல். அந்த வரிசையில் 15 குழாயும் வாயு காட்டினால் "1600-க்கு மேல்" என்றுதான் எழுத முடியும். அது 2,000 ஆகவும் இருக்கலாம், 2 கோடி ஆகவும் இருக்கலாம். மாதிரியை நூறு, ஆயிரம் மடங்கு நீர்த்து மீண்டும் போடாமல் உண்மை தெரியாது. "க்கு மேல்" என்ற குறியைத் தட்டச்சில் விட்டுவிடுவதும் உண்டு. கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: முதல் கட்டத்தில் 35 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம், வாயு வந்த குழாய்களிலிருந்து ஈ.சி. குழம்புக்கு (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டத் திரவம்) மாற்றி 44.5 டிகிரி நீர்த்தொட்டியில் 24 மணி நேரம். இதைச் செய்யாமல் முதல் கட்ட எண்ணையே மலக் கோலிஃபார்ம் என்று தரக்கூடாது. மாதிரி கொடுத்த மறுநாளே எம்.பி.என். ரிப்போர்ட் கைக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டியது அதனால்தான்.

மாதிரி எடுப்பதிலேயே பாதி தவறு நடந்துவிடுகிறது. குளோரின் போட்ட நீரைச் சாதாரண பாட்டிலில் பிடித்தால், லேபுக்குப் போகும் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். ரிப்போர்ட் பொய்யாக அழகாக வரும். கிருமி நீக்கிய 120 மி.லி. பாட்டிலில் 10 சதவீத சோடியம் தயோசல்பேட் கரைசல் 0.1 மி.லி. முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். லிட்டருக்கு 15 மி.கி. வரையிலான குளோரினை அது முறிக்கும். பாட்டிலை வழிய வழிய நிரப்பாமல் மேலே ஓர் அங்குலம் காலி விடவும். குலுக்குவதற்கு அந்த இடம் வேண்டும். ஐஸ் பெட்டியில் 10 டிகிரிக்குக் கீழ் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்கவும். ஓடையிலோ கடலிலோ என்றால் முழங்கால் முதல் இடுப்பளவு ஆழத்தில், மேற்பரப்புக்கு ஓர் அடி கீழே, பாட்டில் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து எடுக்க வேண்டும். நேரத்தையும் குறியுங்கள். வெயில் கிருமியைக் கொல்வதால் ஒரே இடத்தில் காலை எண்ணும் பிற்பகல் எண்ணும் பல மடங்கு வேறுபடும். மக்கள் விடியற்காலையில் குளிக்கும் இடத்துக்கு மதியம் 2 மணி மாதிரி பயன்படாது.

எண்களைச் சேர்த்துப் பார்க்கும் முறையும் முக்கியம். ஓடையில் ஒரு மாதத்தில் ஐந்து மாதிரி எடுத்து ஈ.கோலி 40, 60, 80, 30, 2000 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரி 442. பெருக்குச் சராசரி, அதாவது ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுத்தால், 103. அமெரிக்க விதிக்கு 126 என்பது பெருக்குச் சராசரி, அதன்படி தேர்ச்சி. ஆனால் அதே விதியில் இன்னொரு வரம்பு இருக்கிறது: 410-ஐத் தாண்டும் மாதிரிகள் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கே ஐந்தில் ஒன்று தாண்டிவிட்டது, எனவே தோல்வி. இந்த இரண்டாவது காவல் இல்லாமல் சராசரியையோ இடைநிலை அளவையோ மட்டும் சொன்னால் மோசமான நாட்கள் மறைந்துவிடும். 2025 மகா கும்பமேளாவில் பிரயாக்ராஜில் இதுதான் விவாதமானது. மத்திய வாரியம் பிப்ரவரி தொடக்கத்தில் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்த அறிக்கை, பல சமயங்களில் மலக் கோலிஃபார்ம் குளியல் தரத்தை மீறியது என்றது. அடுத்து வந்த அறிக்கை, இடைநிலை அளவு 1400, வரம்பு 2500, எனவே குளிக்கத் தகுந்தது என்றது. இரண்டும் ஒரே ஆற்றைப் பற்றியவை. இடைநிலை அளவு 1400 என்றால் பாதி மாதிரிகள் அதற்கு மேல் என்றும் பொருள். எவ்வளவு மேல் என்பதை அந்த எண் சொல்லாது. முழுகி எழுபவருக்கு அன்றைய நீர்தான் உண்டு, இடைநிலை நாள் என்று ஒன்று கிடையாது.

சரி, நிலையத்தில் எண்ணைக் குறைப்பது எப்படி? வீட்டுக் கழிவுநீரில் மலக் கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 10 லட்சம் முதல் 10 கோடி வரை இருக்கும். காற்றேற்றமும் செட்டிலிங்கும் நன்றாக நடந்தால் 90 முதல் 99 சதவீதம் போகும். கேட்க நல்ல எண். ஆனால் 1 கோடியில் 99 சதவீதம் போனாலும் மிச்சம் 1 லட்சம். அதை 1000-க்குக் கீழ் கொண்டுவர இன்னொரு 99 சதவீதமும், 230-க்குக் கீழ் என்றால் 99.8 சதவீதமும் கிருமிநீக்கத்தில் நடக்க வேண்டும். அதாவது பாக்டீரியா வரம்பு முழுக்கக் கடைசி அரை மணி நேரத்தை நம்பியிருக்கிறது. சிறிய நிலையங்களில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பகுதியும் அதுவே.

நாளொன்றுக்கு 100 கிலோலிட்டர் நிலையத்தை எடுங்கள். லிட்டருக்கு 8 மி.கி. குளோரின் என்றால் நாளுக்கு 800 கிராம். ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசல்) 10 சதவீதம் இருந்தால் 8 கிலோ, ஏறத்தாழ 7 லிட்டர். வெயில் படும் இடத்தில் கேனை வைத்தால் சில வாரங்களில் வீரியம் வெகுவாக இறங்கிவிடும். டோசிங் பம்ப் அதே 7 லிட்டரை இறைக்கும், குளோரின் பாதிகூடப் போகாது. நிழலில் வையுங்கள், அதிகம் சேர்த்து வாங்காதீர்கள், டோசிங் பம்ப்பை ஃபில்டர் ஃபீட் பம்ப்போடு (ஃபில்டருக்கு நீரைத் தள்ளும் பம்ப்) இணைத்து இரண்டும் சேர்ந்தே ஓடும்படி செய்யுங்கள். தொடுநேரம், அதாவது குளோரின் நீரோடு கலந்து நிற்கும் நேரம், குறைந்தது 30 நிமிடம். இதை நாள் சராசரியில் கணக்கிட்டால் ஏமாறுவீர்கள். 20 மணி நேர ஓட்டத்தில் மணிக்கு 5 கிலோலிட்டர், எனவே 2.5 கிலோலிட்டர் தொட்டி போதும் என்று போட்டிருப்பார்கள். ஆனால் ஃபீட் பம்ப் மணிக்கு 10 கிலோலிட்டர் தள்ளினால் நேரம் 15 நிமிடம்தான். தொட்டிக்குள் தடுப்புச் சுவர்கள் இல்லையென்றால் உள்ளே விழும் நீர் நேராக வெளிக்குழாய்க்கு ஓடிவிடும், அந்த 15-உம் கிடைக்காது.

பல வளாகங்களில் ஹைப்போவை மணல் ஃபில்டருக்கு முன்னால் செலுத்துகிறார்கள். அடுத்து கார்பன் ஃபில்டர் வருகிறது. ஆக்டிவேட்டட் கார்பன் குளோரினை முழுக்கத் தின்றுவிடும். அந்தக் கரிப்படுக்கையிலேயே பாக்டீரியா வளரவும் செய்யும். கடைசிக் கிருமிநீக்கம் கார்பனுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இதை மாற்றியவுடனே ரிப்போர்ட் மாறும்.

அமோனியா இன்னொரு எதிரி. நைட்ரஜன் நீக்கம் சரியாக நடக்காமல் அமோனியா நைட்ரஜன் 20 மி.கி./லி. இருந்தால், குளோரின் முதலில் அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகிவிடும். குளோரமைனும் கொல்லும், ஆனால் மிக மெதுவாக. அதைத் தாண்டித் தனிக் குளோரின் (அமோனியாவோடு சேராத குளோரின்) நிற்க ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனுக்கு 7.6 பங்கு, அதாவது 150 மி.கி.க்கு மேல் குளோரின் வேண்டும், யாரும் போடப்போவதில்லை. பாதி வழியில் நின்ற நைட்ரிஃபிகேஷன் (அமோனியா நைட்ரேட்டாக மாறாமல் நைட்ரைட்டிலேயே நின்றுவிடுவது) இன்னும் மோசம்: ஒரு மி.கி. நைட்ரைட் நைட்ரஜன் 5 மி.கி. குளோரினை விழுங்கும். "எவ்வளவு ஹைப்போ ஊற்றினாலும் நிற்கவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் நைட்ரைட்டோ ஹைப்போ கெட்டதோ இருக்கும். சரிசெய்ய வேண்டியது காற்றேற்றும் தொட்டியை. குளோரின் இருக்கிறதா என்று பார்க்க மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) கரைசலால் தனிக் குளோரினையும் குளோரமைனையும் பிரித்தறிய முடியாது, அவற்றைப் பிரித்துக் காட்டும் டி.பி.டி. பரிசோதனைக் கிட் வாங்குங்கள்.

யு.வி. விளக்கு வைத்தால் அமோனியா பிரச்சினை இல்லை. ஆனால் நீர் தெளிவாக இருக்க வேண்டும். மிதக்கும் திடப்பொருள் 30 மி.கி.யைத் தாண்டினால் துகளுக்குள் ஒளிந்த கிருமியை ஒளி தொடாது, குவார்ட்ஸ் குழாயில் இரும்பும் சுண்ணாம்பும் படிந்தாலும் அப்படியே. மாதமொருமுறை துடைக்காத யு.வி. வெறும் நீல விளக்கு.

எண் குறைய வேண்டும் என்று குளோரினை அள்ளி ஊற்றுவதும் தீர்வல்ல. நன்னீர் மீனுக்கு லிட்டருக்கு 0.02 மி.கி. குளோரினே தீங்கு. ஓடைக்கோ ஏரிக்கோ விடுவதாக இருந்தால் ஒரு பங்கு குளோரினுக்குச் சுமார் 1.5 பங்கு சோடியம் பைசல்பைட் கலந்து முறித்துவிட்டு அனுப்ப வேண்டும்.

இப்போது ஓடை. நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் (10 எம்.எல்.டி.; ஒரு எம்.எல்.டி. என்பது நாளுக்கு 10 லட்சம் லிட்டர்) சுத்திகரித்த நீர் 1000 அளவோடு, 300 அளவுள்ள 40 எம்.எல்.டி. ஓடையில் கலந்தால், கலவை 440. 500-க்குள். கோடையில் ஓடையில் நீரே இல்லையென்றால் கலவை என்று எதுவும் இல்லை, அதே 1000. இதுவரை பரவாயில்லை. ஆனால் நிலையத்துக்கு வர வேண்டிய கழிவுநீரில் நூறில் ஒரு பங்கு, வெறும் 0.1 எம்.எல்.டி., உடைந்த மேன்ஹோல் வழியாகவோ மழைநீர் வடிகாலில் கொடுத்த திருட்டு இணைப்பு வழியாகவோ 1 கோடி அளவோடு நேரே ஓடையில் விழுந்தால்? அது மட்டுமே 50 எம்.எல்.டி.யில் 20,000 சேர்க்கும். அதிகபட்ச வரம்பைப் போல எட்டு மடங்கு. அவுட்லெட் ரிப்போர்ட் எப்போதும் பச்சையாக இருந்தும் ஆறு எப்போதும் மோசமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நம் நகரங்களில் செலவழிக்க வேண்டிய இடம், 1000-ஐ 230 ஆக்கும் ஃபில்டரைவிட, அந்த ஒரு பங்கைப் பிடிக்கும் குழாய் வேலை.

மழை இதே கசிவைப் பெரிதாக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காக செயின் ஆற்றைச் சுத்தப்படுத்த ஆஸ்டர்லிட்ஸ் அருகே 50,000 கன மீட்டர் நிலத்தடித் தொட்டி உட்பட சுமார் 140 கோடி யூரோ செலவழித்தார்கள். அப்படியும் மழைக்குப் பின் அளவுகள் ஏறியதால் ஆண்கள் டிரையத்லான் ஜூலை 30-லிருந்து 31-க்குத் தள்ளிப்போனது. பெருமழைக்குப் பின் மூன்று நாள் இறங்க வேண்டாம் என்று கலிஃபோர்னியக் கடற்கரைகளில் சொல்வார்கள். நம் ஓடைகளுக்கும் அதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. குளோரின் கோலிஃபார்மை எளிதில் கொல்லும். நோரோ போன்ற வைரஸ்களும் ஜியார்டியா முட்டைக்கூடுகளும் அதைவிடத் தாக்குப்பிடிக்கும், கிரிப்டோஸ்போரிடியம் ஏறக்குறைய அசையவே அசையாது. குளோரின் போட்டு 200-க்குக் கொண்டுவந்த கழிவுநீரும், தானாகவே 200 இருக்கும் ஆற்று நீரும் ஒரே ஆபத்து உடையவை அல்ல. ஆகவே நிலையத்தின் வெளிக்குழாய்க்கு நேர் கீழே, ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பிள்ளைகளை இறக்காதீர்கள். கீழ்நோக்கி நன்கு கலந்த இடத்தில், மழையில்லாத ஒரு மாதத்தில் ஐந்து முறை, குளிக்கும் நேரத்தில் எடுத்த ஈ.கோலி எண்கள் கையில் வந்த பிறகு இந்தக் கேள்வியை மீண்டும் கேளுங்கள். அப்போது விடை சொல்ல முடியும்.